ஒரு தராசும் ஒரு முறைப்பாடும்

இந்தக் கதையில் முதற்பிழை என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிளிநொச்சி மாவட்டத்தில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுடன் வேலை செய்பவள் நான். சேமிப்பு, சுயதொழில், வாழ்வாதாரம் என்று கிராமம் கிராமமாகப் போய்க் கூட்டம் வைப்பதும், படிவம் நிரப்பிக் கொடுப்பதும், பிரதேச செயலகத்துக்கும் வீடுகளுக்கும் இடையில் ஓடித்திரிவதும்தான் என் நாளாந்தம். அப்படிப் போகும் ஒரு கிராமத்தில் அந்த அக்கா இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்றார். ஆகவே அக்கா என்றே எழுதுகிறேன்.

அக்காவுக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. 2009 இல் கணவரைத் தொலைத்தவர். முகாமிலிருந்து மீண்டு வந்து தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்துகொண்டே உரலில் கறித்தூள் இடித்து விற்கத் தொடங்கினார். இப்போது மிளகாயும் மல்லியும் வறுத்து ஆலையில் கொடுத்து அரைப்பித்து, 250 கிராம் பைக்கற்றாக ஒட்டி, நகரத்தில் இரண்டு கடைகளுக்கும் ஊருக்குள் சில வீடுகளுக்கும் கொடுக்கிறார். மகள் உயர்தரம் படிக்கிறாள். வீட்டின் வருமானம் அந்தத் தூள்தான்.

அவரிடம் இருந்தது பழைய தட்டுத் தராசு. கறள் பிடித்துப்போன படிக்கல். 2024 தைப்பொங்கல் கழிந்து சீட்டுக்காசு கைக்கு வந்ததும், “மிஸ், கரண்டில வேலை செய்யிற தராசு ஒண்டு வாங்கவேணும். கடையில பதினையாயிரம் சொல்லுறாங்கள். உங்கட போனில மலிவாக் கிடக்குமோ எண்டு ஒருக்காப் பாருங்கோ” என்றார்.

பார்த்தேன். இணையச் சந்தை ஒன்றில் கொழும்பு விற்பனையாளர் ஒருவர் 9,800 ரூபாவுக்குப் போட்டிருந்தார். நாற்பது கிலோ வரை நிறுக்கலாம், சார்ஜ் பண்ணலாம், கடை வியாபாரத்துக்கு உகந்தது, ஆறு மாத உத்தரவாதம். நாலரை நட்சத்திரம் வேறு. கொண்டுவந்து தரும் கூலி 450 ரூபா. பொருள் வந்தபின் காசு கொடுத்தால் போதும் என்றதும் எனக்கு நம்பிக்கை பிறந்துவிட்டது. அக்காவின் விலாசத்தைப் போட்டு, என் தொலைபேசியில் ஓடர் கொடுத்தேன். நட்சத்திரம் போட்டவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு வரியாவது வாசித்தேனா? இல்லை.

பொருள் வந்தபின் காசு என்பதிலேயே ஒரு பொறி இருக்கிறது. ஜனவரி 22ஆம் திகதி மோட்டார் சைக்கிளில் வந்த தம்பி முதலில் 10,250 ரூபாவை எண்ணி வாங்கிக்கொண்டுதான் பெட்டியை இறக்கினார். திறந்து பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று அக்கா கேட்டிருக்கிறார். “அப்பிடிச் செய்ய எங்களுக்கு அனுமதியில்லை அம்மா” என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, பொதி காவுவதுதான் அவர் வேலை. பெட்டிக்குள் தராசு இருந்தது, சார்ஜ் வயர் இருந்தது, ஆங்கிலத்திலும் சீனத்திலும் ஒரு தாள் இருந்தது. பற்றுச்சீட்டு இல்லை. உத்தரவாத அட்டையும் இல்லை. நான் அதைக் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது மாக்ஸ் வெபரின் பணிக்குழு ஆட்சி பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிச் சித்தி பெற்றவள், ஒரு பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்க மறந்துபோனேன்.

மூன்று கிழமை ஒரு பிரச்சினையும் இல்லை. பிறகொரு நாள் நகரத்துக் கடை முதலாளி அறுபது பைக்கற்றையும் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு வாடிக்கையாளர் சந்தேகப்பட்டு நிறுத்துக் காட்டச் சொல்ல, 250 கிராம் என்று ஒட்டியிருந்த பைக்கற் 235 கிராம் நின்றிருக்கிறது. இன்னொன்று 238. முதலாளி கடுமையாகப் பேசவில்லை. “அக்கா, உங்களை நம்பி நான் நிறுத்துப் பாக்கிறேல்லை” என்று மட்டும் சொன்னாராம். பேசியிருந்தால் பரவாயில்லை என்றார் அக்கா.

நான் போனபோது அவர் தராசைத் துணியால் மூடி மூலையில் வைத்திருந்தார். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ நிறை என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வெறும் போத்தலை முதலில் நிறுத்துக் குறித்துக்கொண்டு, அளந்து ஒரு லீற்றர் தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்த்தோம். சரியாகக் காட்டியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகள்தான் கண்டுபிடித்தாள். காலையில் சார்ஜ் நிறைந்திருக்கும்போது சரியாகக் காட்டுகிறது, சார்ஜ் இறங்க இறங்க நிறையைக் கூட்டிக் காட்டுகிறது. மத்தியானம் இரண்டு மணிக்கு அதே போத்தல் தண்ணீர் 1 கிலோ 60 கிராம் என்று நின்றது. அக்கா ஆலையில் அரைப்பித்துக்கொண்டு வந்து பைக்கற் கட்டுவது எப்போதும் பின்னேரத்தில்தான்.

விற்பனையாளருக்கு எழுதினேன். முதல் நாள் உடனே மறுமொழி வந்தது, அன்பாகவும் இருந்தது. இரண்டாம் நாள், பெட்டியைத் திறக்கும்போது எடுத்த வீடியோ இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். வீடியோ இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். திறந்தபோது நன்றாக இருந்து மூன்று கிழமை கழித்துப் பிழைக்கும் பொருளுக்குத் திறந்த நேரத்து வீடியோ எதற்கு என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. இணையச் சந்தையின் உதவிப் பிரிவுக்கு எழுதினால், திருப்பி அனுப்பும் ஏழு நாள் தவணை முடிந்துவிட்டது, உத்தரவாதத்தை விற்பனையாளருடன் பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள். விற்பனையாளரோ, சொந்தச் செலவில் கொழும்புக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம் என்று ஒரு தடவை சொல்லிவிட்டு என் இலக்கத்தை மறித்துவிட்டார். அலுவலகத் தொலைபேசியில் இருந்து எடுத்தால் மணி அடித்தது. என் குரல் கேட்டதும் துண்டித்துவிட்டார்.

இப்படியே பங்குனி மாதமும் பாதி போய்விட்டது. நானும் வேறு வேலைகளில் சுணங்கிவிட்டேன். அக்கா ஒரு தடவையாவது என்னைக் குறைசொல்லவில்லை. அதுதான் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தைப் பற்றி நான் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். திகதி முடிந்த பால்மா, விலை கூட்டி விற்ற அரிசி என்று உதாரணமும் சொல்லியிருக்கிறேன். அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவை முழுமையாக வாசித்தது அந்தப் பங்குனியில்தான். உத்தரவாதத்துக்கு அமையாத பொருளை விற்றால் பாவனையாளர் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். விசாரணையின் பின் பொருளை மாற்றிக் கொடுக்கவோ, காசைத் திருப்பிக் கொடுக்கவோ, நட்டஈடு கொடுக்கவோ வியாபாரிக்குக் கட்டளையிட அதிகாரசபைக்கு அதிகாரம் உண்டு. ஆனால் முறைப்பாடு, விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்கப்பட வேண்டும். நாட்காட்டியை எடுத்து எண்ணினேன். மூன்று கிழமைதான் மிச்சம் இருந்தது.

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். எழுதுவோம் என்றேன். அவர் அடுப்பில் மல்லி வறுத்துக்கொண்டிருந்தார். அகப்பையை நிற்பாட்டவில்லை.

“நான் எழுதமாட்டன் மிஸ்.”

“ஏன் அக்கா?”

“எழுதி எழுதிக் கை ஓய்ஞ்சு போச்சு.”

பிறகு உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். தடித்த பிளாஸ்ரிக் பை. அதற்குள் கணவருக்காக 2010 இலிருந்து எழுதிய கடிதங்களின் பிரதிகள், ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த வாக்குமூலங்கள், பதிவுத் தபால் துண்டுகள், முறைப்பாடு கிடைத்தது என்று இலக்கம் போட்டு வந்த தாள்கள். கிடைத்தது என்பதற்கு அப்பால் ஒரு தாளிலும் ஒன்றும் இல்லை. மனிதனுக்கு எழுதியதற்கே பதில் வராத இடத்தில், தராசுக்கு எழுதச் சொல்லிக்கொண்டு நான் அவர் வீட்டுத் திண்ணையில் இருந்தேன். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு சொல்லும் இருக்கவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நாலு நாள் கழித்து அக்காவே எடுத்தார். எழுதாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது என்றார். “நான் குறைஞ்ச நிறையில வித்திருக்கிறன். கடைக்காரரைப் பிடிக்கிறதும் உந்தக் கந்தோர்தானே. நான் போய் வாயைத் திறந்தா என்னைத்தான் முதல்ல பிடிப்பினம்.”

நான் யோசிக்காத விடயம் அது. பாவனையாளர் என்று அவரை ஒரு பக்கத்தில் மட்டும் நிறுத்தி வைத்திருந்தேன். அவர் வியாபாரியும் அல்லவா? பைக்கற்றில் ஒட்டிய நிறைக்கு அவரும் பொறுப்பு.

அதற்கு வழி கண்டவர் அக்காதான், நான் அல்ல. திரும்பி வந்த அறுபது பைக்கற்றையும் பிரித்துப் பழைய தட்டுத் தராசில் நிறுத்து, 250 கிராம் ஆக்கிக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். மாற்றிக் கொடுத்ததாக முதலாளியிடம் ஒரு துண்டில் கையெழுத்தும் வாங்கினார். ஊருக்குள் வாங்கிய வீடுகளுக்கு ஒரு சட்டியில் தூளும் கரண்டியுமாகப் போனார். இருபத்திமூன்று வீடு. “தராசு பிழைச்சுப் போச்சு, உங்கட மிச்சத்தை வாங்குங்கோ” என்று ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு கரண்டி போட்டார். சிலர் வேண்டாம் என்றார்களாம். ஒருத்தி மூன்று கரண்டி கேட்டு வாங்கினாளாம். அதையும் சிரித்துக்கொண்டு சொன்னார்.

அதன் பிறகு ஆதாரம் சேர்த்தோம். விளம்பரத்தைத் தேடினால் அதிலிருந்த “ஆறு மாத உத்தரவாதம்” காணாமல் போயிருந்தது! நல்ல காலம், ஓடர் கொடுத்த அன்று அக்காவுக்குக் காட்டுவதற்காக என் தொலைபேசித் திரையைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பியிருந்தேன். திகதியோடு அது அவளிடம் இருந்தது. விற்பனையாளருடன் எழுதிக்கொண்ட செய்திகளையும் திகதி தெரியும்படி படம் எடுத்து அச்சிட்டோம். இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் ஒரு ஆவணத்தைச் செல்லாது என்று தள்ள முடியாதென 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் சொல்கிறது. தொலைபேசியில் வந்த செய்திகளை இடம் போதாது என்று அழித்துவிடாதீர்கள்.

விற்பனையாளரின் விலாசம் வேண்டியிருந்தது. இணையத்தில் இருந்தது கடையின் புனைபெயர் மட்டுமே. பொதிப் பெட்டியில் அனுப்பியவர் பெயரும் விலாசமும் ஒட்டியிருக்கும் என்று சொன்னதும் அக்கா வாயில் கைவைத்தார். அந்தப் பெட்டியில் கோழி அடை கிடந்தது. முட்டை பொரிக்க இன்னும் ஐந்து நாள். கோழியை எழுப்ப அக்கா சம்மதிக்கவில்லை. மகள் நிலத்தில் படுத்து, கோழி கொத்தக் கொத்த, பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருந்த துண்டைப் படம் எடுத்தாள். முறைப்பாட்டோடு போன அந்தப் படத்தின் மேல் மூலையில் கோழியின் வாலும் தெரிகிறது.

வீடியோவும் எடுத்தோம். காலை எட்டு மணிக்குச் சுவர் மணிக்கூடு தெரியும்படி ஒன்று, மத்தியானம் இரண்டு மணிக்கு அதே இடத்தில் அதே போத்தலோடு ஒன்று. விட்டுவிட்டு வரும் பழுதுக்கு இதைவிட வேறு சாட்சி இல்லை. திருத்தும் கடைக்குக் கொண்டுபோனால் அந்த நேரம் பார்த்து ஒழுங்காக வேலை செய்யும். எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது.

மாவட்டச் செயலகத்தில் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்துப் பரிசோதகரிடமும் தராசைக் கொண்டுபோனோம். தராசுக்கு முத்திரை குத்துகிற ஆள் என்றால்தான் ஊரில் விளங்கும். வியாபாரத்துக்குப் பாவிக்கும் தராசும் படியும் வருடா வருடம் அவர்களிடம் முத்திரை பெற வேண்டும். இது 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். அவர் தராசைப் புரட்டிப் பார்த்தார். இது வியாபாரத்துக்கு முத்திரையிடக்கூடிய வகை அல்ல, வீட்டுப் பாவனைக்கு வேண்டுமானால் வைத்திருக்கலாம் என்றார். விளம்பரத்தில் இருந்ததோ கடை வியாபாரத்துக்கு உகந்தது என்று. அங்கேயே எங்கள் முறைப்பாட்டுக்கு இன்னொரு கால் முளைத்தது. இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பதையும் பாவனையாளர் சட்டம் தடைசெய்கிறது.

முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதினோம். ஒன்றரைப் பக்கம். என்ன வாங்கியது, எப்போது, எவ்வளவு, என்ன உறுதி சொன்னார்கள், என்ன நடந்தது, எப்போது அறிவித்தோம், என்ன பதில், நமக்கு என்ன வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் எழுத மறந்துவிடுகிறார்கள். கோபத்தை இரண்டு பக்கம் எழுதுவோம், காசு வேண்டுமா, வேறு பொருள் வேண்டுமா என்பதை எழுதமாட்டோம். நான் முதலில் எழுதிய பிரதியில் “ஏமாற்றுப் பேர்வழி” என்று ஒரு சொல் இருந்தது. அக்கா வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “அதை வெட்டுங்கோ. எங்களுக்கு அவரைத் தெரியாது. தராசைத்தான் தெரியும்” என்றார்.

ஏப்ரல் 5ஆம் திகதி, பொதி வந்து 74ஆம் நாள், மாவட்டத்திலுள்ள பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை அலுவலகத்தில் கொடுத்தோம். அக்கா கதிரையில் இருந்தவுடன், நான் வாய் திறப்பதற்கு முன், “ஐயா, நான் குறைஞ்ச நிறையில வித்துப்போட்டன். தெரியாமல் வித்தது. எல்லாருக்கும் திருப்பிக் குடுத்திட்டன்” என்று முதலாளியின் துண்டை மேசையில் வைத்தார். உத்தியோகத்தர் துண்டை வாசித்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். “இனி அந்தத் தராசைத் தொடவேண்டாம் அம்மா. முத்திரை குத்தினது ஒண்டு வாங்குங்கோ” என்றார். அவ்வளவுதான். முறைப்பாட்டின் பிரதியில் பெற்றுக்கொண்டதற்குத் திகதியும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டோம்.

விசாரணைக்குக் கொழும்புக்குப் போகவேண்டி வந்தால் என்ன செய்வது என்பதுதான் பிறகு எங்கள் கவலை. பஸ்ஸில் ஒரு இரவு, ஒரு நாள் உழைப்பு. போகவேண்டி வரவில்லை. அதிகாரசபையின் கடிதம் கிடைத்ததும் விற்பனையாளர் தானாக அக்காவுக்கு எடுத்தார். நல்ல தமிழில் பேசினார்! அத்தனை நாளும் நான் இருந்த ஆங்கிலத்தை எல்லாம் கொட்டி எழுதிக்கொண்டிருந்தது இந்த மனிதருக்குத்தான். அடுத்த கப்பலில் நல்ல தராசு வரும், மாற்றித் தருகிறேன் என்றார். அக்கா வேண்டாம் என்றார். பாதிக் காசு தருகிறேன் என்றார். அக்கா அதற்கும் வேண்டாம் என்றார். தராசை முதலில் அனுப்புங்கள், பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றார். “தம்பி, நான் காசைக் குடுத்துத்தானே பெட்டியைத் திறந்தனான். நீங்களும் காசைப் போட்டிட்டுத் திறவுங்கோ” என்றார் அக்கா. இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

மே 16ஆம் திகதி வங்கிக்கு 9,800 ரூபா வந்தது. கொண்டுவந்த கூலி 450 வரவில்லை. ஊருக்குப் போட்ட தூளும், கடை நிறுத்தி வைத்த ஒன்றரை மாத வியாபாரமும் யார் கணக்கிலும் இல்லை. நட்டஈடும் கேட்டு விசாரணை வரை போகலாம் என்று சொன்னேன். காசு வந்ததே போதும், தூள் பழுதாகிறது என்றார். கெட்டிக்காரச் சட்டத்தரணி ஒருவர் வேறு விதமாக ஆலோசனை சொல்லியிருக்கக்கூடும். நான் வற்புறுத்தவில்லை.

வேறு சகோதரிகளுக்கு வேறு விதமாகவும் நடக்கிறது. வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கினால் இங்குள்ள அதிகாரசபைக்கு அவரைப் பிடிப்பது கடினம், அந்தச் சந்தையின் தவணைக்குள் அங்கேயே முறையிடுவதுதான் வழி. பக்கத்து ஊரில் ஒருவரிடம் பாவித்த பொருள் வாங்கிப் பிணக்கு வந்தால் மத்தியஸ்த சபை இருக்கிறது, சட்டத்தரணி தேவையில்லை. காசை வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாமல் விட்டால் அது பொலிசுக்குரிய விடயம். கையடக்கத் தொலைபேசி வாங்குபவர்கள், *#06# என்று அழுத்தினால் வரும் 15 இலக்கங்களை, முன்னால் ஐ.எம்.ஈ.ஐ. என்று ஆங்கில எழுத்தில் அடித்து ஒரு இடைவெளி விட்டு 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிந்ததா என்று தெரிந்துகொள்ளலாம். அதிகாரசபையின் துரித இலக்கம் 1977.

முறைப்பாடு தீர்க்கப்பட்டது என்று ஒரு கடிதம் தபாலில் வந்ததாக அக்கா சொன்னார். பார்க்கப் போனேன். முத்திரையிட்ட புதிய தராசு, நகரத்துக் கடையில் பற்றுச்சீட்டோடு வாங்கியது, மேசையில் இருந்தது. பக்கத்தில் அந்தத் தண்ணீர்ப் போத்தல். தினமும் கட்டத் தொடங்குமுன் ஒருமுறை அதை வைத்துப் பார்க்கிறாராம்.

கடிதத்தைக் கையில் தந்தார். வாசித்துக் காட்டினேன்.

“குடுத்து எத்தினை நாள் மிஸ்?”

எண்ணிப் பார்த்தேன். “காசு வர நாப்பத்தொரு நாள் அக்கா.”

அவர் ஒன்றும் பேசவில்லை. கடிதத்தை வாங்கி மடித்து, உள்ளே இருந்த பிளாஸ்ரிக் பையை எடுத்து, அந்தக் கடிதங்களோடு வைக்கப் போனவர் கொஞ்சம் நின்றார். பிறகு பையை மூடி வைத்துவிட்டு, இதை மகளின் பள்ளிக்கூடத் தாள்கள் இருக்கும் கோவைக்குள் வைத்தார். மல்லி கருகுகிறது என்று மகள் குசினியிலிருந்து கூப்பிட்டாள்.